ரிப்போர்ட் எல்லாம் நார்மல், உடம்பெல்லாம் வலி: ஃபைப்ரோமயால்ஜியா என்றால் என்ன?

காலையில் கண் விழிக்கும்போதே ராத்திரி முழுக்க யாரோ அடித்துப் போட்ட மாதிரி இருக்கும். எட்டு மணி நேரம் படுத்திருந்தும் தூங்கின நிறைவு இருக்காது. இன்றைக்குக் கழுத்து, நாளைக்குத் தொடை, அடுத்த நாள் இடுப்பு என்று வலி இடம் மாறிக்கொண்டே இருக்கும். அடுப்படிக்குள் போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நிற்போம். டாக்டர் ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ. எல்லாம் எடுக்கச் சொல்வார். பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லம்மா, எல்லாம் நார்மல்தான்" என்பார். கேட்டால் நிம்மதி வர வேண்டும். எனக்கு அழுகைதான் வந்தது.

நான்கு வருடம் இப்படி அலைந்தேன். டென்ஷன் என்றார் ஒருவர், சத்துக் குறைவு என்றார் இன்னொருவர். நரம்புத் தளர்ச்சி, வாயு, வயசு என்று அக்கம்பக்கத்தில் ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். கடைசியில் ஒரு டாக்டர் ஃபைப்ரோமயால்ஜியா என்றார். இந்தப் பெயரை இப்போதுதான் கேள்விப்பட்டவர்களுக்கும், வீட்டில் ஒருவர் "வலிக்குது" என்று சொல்லும்போது என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். முக்கியமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த நோயை உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. நாம் சொல்லும் விவரத்தை வைத்துத்தான் டாக்டர் கண்டுபிடிக்கிறார். அதனால் அவரிடம் எப்படிச் சொல்கிறோம் என்பது வைத்தியத்தில் பாதி.

பெயர் வந்த கதை

1904-இல் இங்கிலாந்தில் வில்லியம் கவர்ஸ் என்ற மருத்துவர் இந்த மாதிரி வலிக்கு 'ஃபைப்ரோசைட்டிஸ்' என்று பெயர் வைத்தார். தசையின் நார்ப்பகுதியில் அழற்சி என்று பொருள். பிறகு ஆராய்ந்து பார்த்தபோது அங்கே அழற்சி எதுவும் இல்லை. 1976-இல் பெயரை மாற்றி ஃபைப்ரோமயால்ஜியா என்றார்கள். நார், தசை, வலி என்ற மூன்று சொற்களைச் சேர்த்தது, அவ்வளவுதான். தமிழில் 'தசைநார் வலி' என்று எழுதுகிறவர்கள் உண்டு. கோளாறு தசைநாரில் இல்லை என்பதால் எனக்கு அந்தச் சொல்லில் அவ்வளவு உடன்பாடு இல்லை. டாக்டரிடம் பேசும்போதும் ஃபைப்ரோமயால்ஜியா என்று சொன்னால்தான் உடனே புரியும்.

நூறு பேரை எடுத்தால் 2 முதல் 4 பேருக்கு இது இருக்கலாம். பெண்களிடம்தான் அதிகம் கண்டுபிடிக்கிறார்கள். ஆண்களுக்கும் வரும். ஆனால் "ஆம்பளைக்கு என்ன உடம்பு வலி" என்ற பேச்சுக்குப் பயந்தே பலர் வாய் திறப்பதில்லை.

கோளாறு எங்கே இருக்கிறது?

ஊர்த் திருவிழாவில் மைக் செட்காரர் ஆம்ப்ளிஃபயரை முழுக்கக் கூட்டி வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேடையில் ஒருவர் தொண்டையைச் செருமினாலும் தெருக்கோடி வரை இடி மாதிரி கேட்கும். பேசுகிறவர் தொண்டை நன்றாகத்தான் இருக்கிறது, கூம்புக் குழாயும் நன்றாகத்தான் இருக்கிறது. நடுவில் இருக்கிற பெட்டிதான் சத்தத்தைக் கூட்டி அனுப்புகிறது. கேட்கிறவர் காது வலிப்பது நிஜம்.

நம் உடம்பில் அந்தப் பெட்டி, தண்டுவடமும் மூளையும். தசையும் மூட்டும் அனுப்புகிற சாதாரணத் தகவலையே அவை வலியாகப் பெருக்கிவிடுகின்றன. வலியைத் தணிக்க மூளையிலிருந்து கீழே இறங்குகிற ஒரு தடுப்பு ஏற்பாடு எல்லோருக்கும் உண்டு. நமக்கு அதுவும் சரியாக வேலை செய்வதில்லை. எக்ஸ்ரேயும் எம்.ஆர்.ஐ.யும் மைக்கையும் குழாயையும் படம் பிடிக்கும். பெட்டியின் திருகு எங்கே நிற்கிறது என்று அவற்றில் தெரியாது. ரிப்போர்ட் நார்மலாக வருவதற்குக் காரணம் இதுதான்.

இது வெறும் ஊகம் கிடையாது. அமெரிக்காவில் 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், ஃபைப்ரோமயால்ஜியா உள்ளவர்களின் கட்டைவிரலை அழுத்திக்கொண்டே மூளை எப்படி வேலை செய்கிறது என்று ஸ்கேனில் பார்த்தார்கள். அவர்களுக்கு லேசான அழுத்தத்திலேயே மூளையின் வலிப் பகுதிகள் விழித்துக்கொண்டன. மற்றவர்களுக்கு அதே அளவு வலி வர நிறையவே அழுத்த வேண்டியிருந்தது. சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2017-இல் இந்த மாதிரி வலியைத் தனி வகையாகவே ஏற்றுக்கொண்டது. காயத்தால் வரும் வலி, நரம்பு சேதத்தால் வரும் வலி ஆகியவற்றோடு இது மூன்றாவது வகை.

தூக்கத்துக்கும் இதில் பெரிய பங்கு இருக்கிறது. 1975-இல் கனடாவில் ஆரோக்கியமாக இருந்த சிலரை ஆழ்ந்த தூக்கத்துக்குப் போக விடாமல் சில இரவுகள் கலைத்துக்கொண்டே இருந்தார்கள். அவர்களுக்கும் நம்மைப் போலவே தசை வலியும் தொட்டால் நோவும் வந்தன. வலி தூக்கத்தைக் கெடுக்கிறது, கெட்ட தூக்கம் வலியைக் கூட்டுகிறது. நிறையப் பேருக்கு வைத்தியம் தூக்கத்திலிருந்து தொடங்குவது இதனால்தான்.

ஏன் வருகிறது என்றால் ஒரே காரணத்தைக் காட்ட முடியாது. குடும்பத்தில் இருந்தால் வாய்ப்பு கூடும். விபத்து, தொற்று நோய், நெடுநாள் மனக்கஷ்டம் ஆகியவற்றுக்குப் பிறகு சிலருக்குத் தொடங்கும். 2006-இல் சிக்குன்குனியா வந்தபோது காய்ச்சல் சில நாளில் போய், வலி மட்டும் மாதக்கணக்கில் நின்றது பலருக்கு நினைவிருக்கும். அப்படி ஏதாவது வந்து போயிருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மூட்டு வீங்கியிருந்தால் அது வேறு வகை வாதமாக இருக்கலாம். அதற்கு வைத்தியம் வேறு.

எப்படி உறுதி செய்கிறார்கள்?

1990-இல் மூட்டு, தசை நோய்களைப் பார்க்கும் டாக்டர்களின் அமைப்பான அமெரிக்க ருமட்டாலஜி கல்லூரி ஒரு வழி சொன்னது. உடம்பில் குறிப்பிட்ட 18 புள்ளிகளை விரலால் அழுத்தி, 11 இடத்திலாவது வலித்தால் ஃபைப்ரோமயால்ஜியா. இன்றும் அப்படிப் பார்க்கிற டாக்டர்கள் உண்டு. 2010-இல் வழியை மாற்றினார்கள், 2016-இல் திருத்தினார்கள். இப்போது புள்ளிகளை அழுத்த வேண்டிய அவசியம் இல்லை.

புதிய கணக்கு இரண்டு பகுதி. உடம்பை 19 இடங்களாகப் பிரித்து, போன ஒரு வாரத்தில் எத்தனை இடத்தில் வலித்தது என்று எண்ணுவது முதல் பகுதி. இரண்டாவதில் களைப்பு, எழும்போது தூக்கம் போதாமை, மறதியும் கவனக்குறைவும் ஆகிய மூன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். தலைவலி, அடிவயிற்று வலி, மனச்சோர்வு இருந்தால் தலா ஒன்று சேரும். ஆக மொத்தம் 12. வலி 7 இடத்திலோ அதற்கு மேலோ இருந்து மதிப்பெண் 5-ஐத் தொட்டாலோ, வலி 4 முதல் 6 இடத்தில் இருந்து மதிப்பெண் 9-ஐத் தொட்டாலோ பொருந்தும். வலி உடம்பின் பல பக்கங்களிலும் பரவியிருக்க வேண்டும். எல்லாம் குறைந்தது 3 மாதம் நீடித்திருக்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு வீட்டிலேயே கூட்டிக் கழித்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள். தைராய்டு குறைந்தால் இதே களைப்பும் வலியும் வரும். வைட்டமின் டி, பி12 குறைந்தாலும் வரும். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் ருமட்டாய்டு வாதம், லூபஸ் போன்றவை ஆரம்பத்தில் இப்படித்தான் தோன்றும். கொழுப்புக்குச் சாப்பிடும் ஸ்டாட்டின் மாத்திரையால் தசை வலி வருகிறவர்களும் உண்டு. இவற்றையெல்லாம் பார்க்க ஒருமுறை ரத்தப் பரிசோதனை தேவை. ஒருமுறை என்பதை அழுத்திச் சொல்கிறேன். டாக்டர் மாறும்போதெல்லாம் அதே பரிசோதனைகளை முதலிலிருந்து எடுத்து நான் தொலைத்த பணம் கொஞ்சமில்லை. எம்.ஆர்.ஐ.யில் 'டிஸ்க் புடைத்திருக்கிறது' என்று வந்தாலும் பதற வேண்டாம். வலியே இல்லாத 50 வயதுக்காரர்களை எடுத்தாலும் பாதிப் பேருக்கு மேல் அப்படித் தெரியும்.

தைராய்டோ வாதமோ இருந்தால் ஃபைப்ரோமயால்ஜியா இருக்காது என்றும் இல்லை. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம் என்பதை 2016 திருத்தம் தெளிவாகவே சொல்கிறது.

டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும்

டோக்கன் வாங்கி இரண்டு மணி நேரம் காத்திருந்து உள்ளே போனால் நமக்குக் கிடைப்பது ஐந்து நிமிடம், அதிர்ஷ்டம் இருந்தால் பத்து. அந்த நேரத்தில் நான் செய்து வந்த தப்பு, "எல்லா இடமும் வலிக்குது டாக்டர்" என்று ஆரம்பிப்பது. அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு அவரால் எதுவும் செய்ய முடியாது. அப்புறம் என் அக்கா ஒரு யோசனை சொன்னாள், ஒரே ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோ என்று. இதுதான் அந்தத் தாள்:

"வலி 4 வருடமாக. முதலில் கழுத்து. இப்போது இரண்டு தோள், இரண்டு தொடை, கீழ் முதுகு. எழுந்ததும் அதிகம், பதினோரு மணிக்கு மேல் கொஞ்சம் தேவலை. 8 மணி நேரம் தூங்கியும் களைப்பு. மாவுப் பாத்திரத்தை ஃப்ரிட்ஜிலிருந்து தூக்க முடியவில்லை. துணி பிழிய முடியவில்லை. போன மாதம் 5 நாள் வேலைக்குப் போகவில்லை. வீக்கம் இல்லை, காய்ச்சல் இல்லை, எடை குறையவில்லை. தைராய்டு பார்த்தாச்சு, நார்மல். இதுவரை சாப்பிட்ட மாத்திரைகள் பின்பக்கம்."

டாக்டர் வாங்கி இரண்டு தடவை படித்தார். வலியைப் பத்துக்கு எட்டு, ஒன்பது என்று சொல்வதைவிட, எதைச் செய்ய முடியவில்லை என்று சொன்னது அவருக்குச் சட்டென்று புரிந்தது. 'இல்லை' என்று எழுதின மூன்றும் மற்ற நோய்களைத் தள்ளிவைக்க அவருக்கு உதவின.

வலி எப்படிப்பட்டது என்று சொல்லத் தமிழில் நமக்கு வார்த்தைப் பஞ்சமே இல்லை. குத்தல், குடைச்சல், எரிச்சல், உளைச்சல், இழுப்பு, பிடிப்பு, விண்விண் என்று தெறிப்பது, மதமதப்பு. ஒவ்வொன்றும் வேறு. எரிச்சலும் மதமதப்பும் என்றால் டாக்டர் நரம்பையும் பார்ப்பார். பாட்டியிடம் சொல்கிற மாதிரியே அவரிடமும் சொல்லுங்கள். இங்கிலீஷில் சொல்லப் போய் எல்லாம் 'பெயின்' என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறது.

அன்றைக்கு இன்னொன்றும் நடந்தது. நர்ஸ் பி.பி. பார்க்கக் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றை ஏற்றினார். நான் 'ஸ்ஸ்' என்று கையை இழுத்தேன். டாக்டர் நிமிர்ந்து, "எப்பவுமே இப்படி வலிக்குமாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பி.பி. பார்த்தால் எல்லோருக்குமே அப்படி வலிக்கும் என்று அத்தனை வருடமும் நினைத்திருந்தேன். வலிக்கக் கூடாத ஒன்று வலிப்பது இந்த நோயின் முக்கியமான அடையாளம். உள்ளாடைப் பட்டை உறுத்துவது, குழந்தை ஓடி வந்து கட்டிக்கொண்டால் நோவது என்று எதுவும் அற்பம் கிடையாது. சொல்லிவிடுங்கள்.

"எல்லாம் மனசுதாம்மா" என்று டாக்டர் சொன்னால்? எனக்கும் சொன்னார்கள். கோபப்பட்டு எழுந்து வந்த நாள் உண்டு. அதனால் நஷ்டம் எனக்குத்தான். இப்போதாக இருந்தால் இப்படிக் கேட்பேன்: "மனசும் சோர்ந்துதான் இருக்கு டாக்டர், அதுக்கும் வைத்தியம் எடுத்துக்கிறேன். ஆனா காலையில கை மடக்க முடியல. இது ஃபைப்ரோமயால்ஜியாவா இருக்குமா, ருமட்டாலஜிஸ்ட் ஒருத்தரைப் பார்க்கட்டுமா?" கேள்வியாகக் கேட்டால் பெரும்பாலான டாக்டர்கள் காது கொடுக்கிறார்கள். அப்படியும் கேட்காதவரிடமிருந்து மாறிக்கொள்வதில் தவறில்லை. ஆனால் மாதத்துக்கு ஒருவர் என்று மாற்றினால் யாருக்கும் நம்மை முழுசாகத் தெரியாமல் போய்விடும். ருமட்டாலஜிஸ்ட் ஒருமுறை பார்த்து உறுதி செய்யட்டும். அரசு மருத்துவமனைக்குப் போகிறவர்கள் என்றால், சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் ருமட்டாலஜிக்குத் தனித் துறையே இருக்கிறது. அதற்குப் பிறகு பக்கத்தில் இருக்கும், பொறுமையான பொது மருத்துவர் ஒருவரே தொடர்ந்து பார்ப்பதுதான் நல்லது என்பேன்.

கூட ஒருவரை அழைத்துப் போங்கள். மூளை மந்தமாக இருக்கிற நாளில் டாக்டர் சொன்னது வாசல் தாண்டும் முன்பே மறந்துவிடும். கூட வருகிறவர் நமக்குப் பதிலாகப் பேசக் கூடாது, அதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

மாத்திரை விஷயம்

எனக்கு முதலில் எழுதிக் கொடுத்தது டுலாக்செட்டின். ஒரு வாரம் சாப்பிட்டேன். தெரிந்தவர் ஒருவர் சீட்டை வாங்கிப் பார்த்து, "இது மனநோய்க்குக் கொடுக்கிற மாத்திரையாச்சே" என்றார். அன்றைக்கே நிறுத்தினேன். இரண்டு நாள் தலைசுற்றல், வாந்தி வருகிற மாதிரி, தலைக்குள் ஷாக் அடிக்கிற மாதிரி. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தியதால் வந்தது என்று பிறகுதான் தெரிந்தது.

விஷயம் இதுதான். மூளையிலிருந்து இறங்கும் அந்த வலித் தடுப்பு ஏற்பாடு செரட்டோனின், நார்அட்ரினலின் என்ற இரண்டு ரசாயனங்களை நம்பி இருக்கிறது. மனச்சோர்வு மாத்திரைகள் சிலவும் அதே இரண்டைத்தான் கூட்டுகின்றன. அதனால்தான் ஒரே மாத்திரை இரண்டுக்கும் உதவுகிறது. உங்களை மனநோயாளி என்று யாரும் முடிவுகட்டவில்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஃபைப்ரோமயால்ஜியாவுக்கென்றே 2007-இல் பிரிகாபலினையும் 2008-இல் டுலாக்செட்டினையும் 2009-இல் மில்நாசிபிரானையும் அனுமதித்தது. அமிட்ரிப்டிலின் என்ற பழைய மாத்திரையை 10 மில்லிகிராம் மாதிரிச் சின்ன அளவில் ராத்திரிக்குக் கொடுப்பார்கள், தூக்கம் நன்றாக வரும். அதில் வாய் உலரும், காலையில் மந்தமாக இருக்கலாம். பிரிகாபலினில் தலைசுற்றல், எடை கூடுதல், கால் வீக்கம் வரலாம். டுலாக்செட்டினில் முதல் சில நாள் குமட்டல். பிடிக்கவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறையுங்கள். நான் செய்த மாதிரிச் செய்யாதீர்கள்.

இந்த மாத்திரைகள் எல்லோருக்கும் கேட்பதில்லை. கேட்டாலும் வலி முழுக்கப் போகாது, ஓரளவு குறையும். முதலிலேயே இதைத் தெரிந்துகொண்டால் ஏமாற்றம் குறைவு.

"ஒரு ஊசி போட்டுடுங்க டாக்டர்" என்று கேட்டு வாங்குகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. வலி ஊசியும் டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரைகளும் வீக்கத்தால் வரும் வலிக்கானவை. இங்கே வீக்கமே இல்லை. மாதக்கணக்கில் போட்டால் வயிறும் சிறுநீரகமும்தான் கெடும். ஸ்டீராய்டும் இதற்கு வேலை செய்யாது. என்ன கலந்திருக்கிறது என்று எழுதாமல் பொட்டலத்தில் கொடுக்கிற பொடியை வாங்கவே வேண்டாம். சித்த மருந்து எடுத்துக்கொள்கிறவர்கள் அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். டுலாக்செட்டின் சாப்பிடுகிறவருக்கு இன்னொருவர் தெரியாமல் டிரமடால் என்ற வலி மருந்தை எழுதிவிட்டால் இரண்டும் மோதி ஆபத்தாகலாம். அதனால் எல்லா மாத்திரையும் ஒரே சீட்டில் இருக்கட்டும்.

ஐந்து நிமிட நடை

ஐரோப்பிய ருமட்டாலஜி அமைப்பான யூலார் 2016-இல் எல்லா வைத்தியங்களையும் அலசிப் பார்த்து, உறுதியாகச் சிபாரிசு செய்தது ஒன்றே ஒன்றைத்தான்: உடற்பயிற்சி. வலியில் கிடக்கிறவரிடம் இதைச் சொன்னால் எவ்வளவு எரிச்சல் வரும் என்று எனக்குத் தெரியும். நானும் "நடக்கவே முடியல, எக்சர்சைஸா" என்று கேட்டவள்தான்.

நான் மொட்டை மாடியில் ஐந்து நிமிடம் நடந்து ஆரம்பித்தேன். கடிகாரம் பார்த்து ஐந்தே நிமிடம். நன்றாக இருந்தாலும் ஆறாவது நிமிடம் கிடையாது. இரண்டு வாரம் கழித்து ஏழு. முதல் மாதம் வலி கூடத்தான் செய்தது. இருபது நிமிடத்துக்கு வர நான்கு மாதம் ஆயிற்று. யோகா, தண்ணீருக்குள் பயிற்சி, தாய்ச்சி என்ற சீனாவின் மெதுவான பயிற்சி, எதுவும் சரிதான். எதை விடாமல் செய்ய முடியுமோ அதுதான் உங்களுக்கானது. பிசியோதெரபிஸ்டிடம் போனால் பெயரை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அழுத்திப் பிடித்துவிடுவது நமக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

நல்ல நாளில்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். போகி அன்று உடம்பு தேவலை என்று பரண் வரைக்கும் ஒழித்துப் போட்டுவிட்டு, பொங்கலும் மாட்டுப் பொங்கலும் படுக்கையில் கிடந்திருக்கிறேன். இப்போது ஒரு நாளைக்கு ஒரு அலமாரி. வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். காலையில் படுத்திருந்தவர் சாயங்காலம் கல்யாணத்துக்குக் கிளம்பினால் நடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். இந்த நோய் ஒரே நாளிலேயே ஏறி இறங்கும்.

மனம் மிகவும் உடைந்து போகிற நாட்கள் வரும். அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸின் 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள்.

பழகின பிறகு வருகிற இன்னொரு ஆபத்து, புதிதாக எது வந்தாலும் இதன் கணக்கிலேயே எழுதிவிடுவது. மூட்டு வீங்கிச் சூடாக இருந்தால், காய்ச்சல் விடாமல் அடித்தால், காரணமில்லாமல் எடை குறைந்தால், கையோ காலோ பலம் இழந்தால் டாக்டரிடம் தள்ளிப்போடாமல் போக வேண்டும். சிறுநீர், மலம் கட்டுப்பாடு இல்லாமல் போனாலும், நெஞ்சு வலித்தாலும் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். "பழைய வலிதான்" என்று டாக்டர் தட்டிக்கழித்தால், "இது அந்த வலி மாதிரி இல்ல டாக்டர், புதுசு" என்று இன்னொரு தடவை சொல்லுங்கள்.

போன முறை போனபோது டாக்டர், "வலி எப்படிம்மா இருக்கு?" என்றார். "வலி இருக்கு டாக்டர். ஆனா இப்ப மாவுப் பாத்திரத்தை நானே தூக்குறேன், இந்த மாசம் ஒரு நாள்தான் லீவு" என்றேன். அதை அப்படியே சீட்டில் எழுதிக்கொண்டார். மாத்திரையைக் கூட்டவில்லை. மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார்.